ஐந்தாவது சாதனம்

பெட்டிக்குள் இருந்து எடுத்தபோது
மூன்று கொம்போடு ஒரு கறுத்தப் பூச்சி.
அடிவயிற்றில் ஒட்டியிருந்த தாளில்
பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
உலகத்துப் படலை எல்லாத்துக்கும் ஒரே திறப்பைச் செய்து
படலையிலேயே தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறாங்கள்.

பூட்ட வந்த பெடியன்
"அது கிடக்கட்டும் அக்கா, ஒண்டும் செய்யாது" என்றான்.
ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை.

வைபைக்கு நானும் ஒரு சொல் போட்டிருந்தேன்தான்.
என் போன் இலக்கம்.
கொக்குவில் சந்தியில் என் பார்மசிப் பலகையில்
அரையடி உயரத்தில், சிவப்பில்,
இரவில் லைற்றும் போட்டு
நானே ஊருக்குக் காட்டுகிற அதே பத்து இலக்கம்.

மூன்றாவது தடவையும் மாதம் முடிய முன்னம் டேட்டா முடிந்தபோது
உள்ளே போய்ப் பார்த்தேன்.

இணைந்திருப்பவை: ஐந்து.

என் போன். லப்டொப்.
மகள் ஆரபியின் டப். ஹோலில் ரீவீ.
ஐந்தாவதுக்குப் பெயர் இல்லை.
எழுத்தும் இலக்கமுமாய்ப் பன்னிரண்டு,
இடையிடையே முக்காற்புள்ளி.
டொக்டர்மாரின் கிறுக்கலை வாசித்தே சீவிக்கிறவள் நான்.
இதை வாசிக்க முடியவில்லை.

அன்றிரவு பதினொன்றரைக்கு
படலையைப் பூட்டி, கிணற்று மோட்டரை நிப்பாட்டி,
காஸைத் திருகிப் பார்த்து,
கடைசியாய்க் காற்றையும் பூட்டினேன்.
அட்மினை அழித்தேன்.
டபிள்யு.பி.ஏ. மூன்று என்பதைத் தெரிந்தேன்.
அமத்தினால் ஆரையும் உள்ளே விடுமாம் பின்பக்கத்துப் பொத்தான்,
அதைச் சாகடித்தேன்.
புது மென்பொருள் இறங்கி முடியும்வரை
பச்சை லைற்றைப் பார்த்தபடி குந்தியிருந்தேன்.
கடவுச்சொல்லுக்கு மூன்று மருந்தின் பெயர்கள்,
ஒரே ஆளுக்கு ஒருபோதும் எழுதக்கூடாத மூன்று,
நடுவில் ஒரு ஆச்சரியக்குறி.

நல்ல நித்திரை.

இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது.
என்னவோ குறைந்தது. ஃபான் சுத்திக்கொண்டுதான் இருந்தது.
மதிலுக்கு அங்கால்
டெர், டீ, டஸ் என்று ஒரு பெண்குரல் சொல்ல
ஒரு ஆண்குரல் திருப்பிச் சொல்லும், ஒவ்வொரு இரவும்.
எட்டு மாதமாய் அதைச் சுவர்க்கோழிச் சத்தம்போல் கேட்டுப் படுத்திருக்கிறேன்.
இன்றைக்குச் சுவர்க்கோழி மட்டும்.

மேகவண்ணன்.
சொர்ணலிங்கத்தாரின் இரண்டாவது.
அடுத்த மாதம் கொழும்பில் ஜேர்மன் சோதனை.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
காலமை ஒழுங்கையில் கண்டேன். மோட்டச்சைக்கிளை மெதுவாக்கினான்.
அவன் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
எடுத்தவனுக்கும் வெட்கம், பூட்டினவளுக்கும் வெட்கம்,
கோண்டாவிலில் வெயில் மட்டும் வெட்கமில்லாமல் எறித்தது.

அன்றிரவு திரும்பவும் உள்ளே போனேன்.
விருந்தினருக்கு என்று ஒரு தனி வலை இருக்கிறது.
விறாந்தையோடு நிற்கும், ஹோலுக்குள் வராது.
ரீவீயைக் காணாது, என் கணக்குப் புத்தகத்தைக் காணாது.
நாளுக்கு இவ்வளவு என்று அளந்தும் விடலாம்.
பெயர் என்ன என்று கேட்டது.
ஒழுங்கை முழுக்க வாசிக்கிற பெயர்.
யோசித்து அடித்தேன்:
கேட்டால் தருவன்

ஒரு மணி. ஒன்றரை.
போனில் பட்டியலை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு பத்துக்கு
ஒற்றைக் கோட்டுச் சிக்னலோடு, ஆரோ ஹொட்ஸ்பொட்டைத் திறந்து,
அடியில் ஒரு புதுப் பெயர் முளைத்தது:
தாங்கோ அக்கா

எழும்பி மதிலடிக்குப் போனேன்.
கடவுச்சொல் என்றால்
சொல்லத்தானே வேணும்.
"பரசிற்றமோல்" என்றேன் இருட்டைப் பார்த்து,
"இங்கிலிஷில், சின்ன எழுத்து. பிறகு ஐநூறு."
அது ஆருக்கும் குடுக்கலாம்.

அங்கால் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவன் திருப்பிச் சொன்னான்,
பிழை விடக்கூடாது என்ற பயத்தில், எழுத்து எழுத்தாய்,
பே, ஆ, எர், ஆ, ட்ஸே...
மூன்றாம் வீட்டு நாய் எழும்பிக் குரைத்தது.